பைக் நம்பர் பிளேட்: கடைக்கு வருபவர்கள் கேட்கும் சந்தேகங்கள்

கும்பகோணத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த காலத்தில் எனாமல் பெயின்டும் அணில்முடித் தூரிகையும்தான். பிளேட்டில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு எழுதுவேன். பிறகு ரேடியம் ஸ்டிக்கர் வந்தது, கணினியில் வெட்டும் எந்திரம் வந்தது. 2019க்குப் பிறகு விற்ற வண்டிகளுக்கு நம்பர் பிளேட் ஷோரூமிலேயே வந்துவிடுவதால் என்னிடம் வேலை இல்லை. ஆனால் சந்தேகம் கேட்க எல்லாரும் வருகிறார்கள். அபராதச் சீட்டோடு வருபவர்களே அதிகம். திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்னாலும் பின்னாலும் பிளேட் கட்டாயமா? பின்னால் மட்டும் இருந்தால் போதாதா?

போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல், 50ஆம் விதி இதைத்தான் சொல்கிறது: பதிவெண் வண்டியின் முன்னும் பின்னும் தெளிவாகவும் படிக்கும்படியாகவும் இருக்க வேண்டும். இந்தத் 'தெளிவாகவும் படிக்கும்படியாகவும்' என்ற சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அதுவே விடை.

எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? ஸ்கேல் அளவில் சொல்லுங்கள்.

51ஆம் விதியில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குப் பின்பக்கம் எழுத்துகளின் உயரம் 35 மி.மீ., எண்களின் உயரம் 40 மி.மீ. இரண்டுக்கும் கோட்டின் தடிமன் 7 மி.மீ., ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மி.மீ. முன்பக்கத்தில் எழுத்து, எண் இரண்டுமே 30 மி.மீ. உயரம், தடிமன் 5, இடைவெளி 5.

பின்பக்கப் பிளேட்டின் அளவு 200க்கு 100 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் வரிக்கு 35, கீழ் வரிக்கு 40, சேர்த்தால் 75. மீதி 25 மி.மீ.யில்தான் மேல் விளிம்பும் நடு இடைவெளியும் கீழ் விளிம்பும் வர வேண்டும். 'அடியில் என் பெண்ணின் பெயரைச் சின்னதாகப் போட்டுக் கொடுங்கள்' என்று கேட்பவரிடம் நான் ஸ்கேலை எடுத்து நீட்டிவிடுவேன். இடமே கிடையாது. இடம் இருப்பதாகத் தெரிந்தால் எண்ணைச் சுருக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதலாமா?

பின்பக்கம் இரண்டு வரி. மாநிலக் குறியீடும் ஆர்.டி.ஓ. அலுவலக எண்ணும் மேல் வரியில், மீதி கீழ் வரியில். தஞ்சாவூர் வண்டி என்றால் மேலே டிஎன் 49, கும்பகோணம் என்றால் டிஎன் 68. முன்பக்கம் மட்டும் ஒரே வரியில் எழுத அனுமதி உண்டு.

என்னிடம் இருப்பது பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். அதன் மூக்கில் 30 மி.மீ. எழுத்து எங்கே ஒட்டுவது?

நியாயமான கேள்வி. விதி எழுதியவர்களுக்கும் இது தோன்றியிருக்கிறது. 70 சி.சி.க்குக் குறைந்த வண்டிகளுக்கு முன்பக்க எழுத்து 15 மி.மீ. உயரமும் 2.5 மி.மீ. தடிமனும் இருந்தால் போதும். எக்ஸ்எல் சூப்பர் 69.9 சி.சி., ஆகவே சலுகைக்குள் வருகிறது. எக்ஸ்எல் 100 வாங்கியவருக்கு அந்தச் சலுகை இல்லை, அது 99.7 சி.சி. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஸ்கேல் வேறு. பின்பக்கத்துக்கு இந்தத் தள்ளுபடி எந்த வண்டிக்கும் கிடையாது.

புல்லட்டின் முன் மட்கார்டு மேல் மீன் துடுப்பு போல நெடுக்காக நிற்கும் பிளேட் வைக்கலாமா? தாத்தா காலத்துப் படத்தில் அப்படித்தான் இருக்கிறது.

படத்தில் அழகாகத்தான் இருக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்றைய விதி, மோட்டார் சைக்கிளின் முன் எண்ணை ஹேண்டில்பாருக்கு இணையாக வைக்கச் சொல்கிறது. மட்கார்டில் இருக்கலாம், வேறு பாகத்தில் இருக்கலாம். எதிரே வருகிறவருக்கு நேராகத் தெரிய வேண்டும். வண்டியின் நீளவாக்கில் நிற்கும் துடுப்பு பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்குத் தெரியும், எதிரே வருகிறவருக்கு ஒரு தகட்டின் விளிம்புதான் தெரியும்.

2021இல் வாங்கிய வண்டி. கம்பெனி கொடுத்த பிளேட் பிடிக்கவில்லை. உங்களிடம் கறுப்பு அக்ரிலிக்கில் செய்துகொள்ளலாமா?

கூடாது. நானும் செய்து தர மாட்டேன். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகைதான் சட்டப்படியான பிளேட். ஒரு மி.மீ. தடிமன் அலுமினியம். இடப்பக்கம் நீல நிறத்தில் ஐஎன்டி, அதன் மேல் 20க்கு 20 மி.மீ. அளவில் அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரில் பொறித்த அடையாள எண். எழுத்தின் மேல் 'இந்தியா' என்று ஆங்கிலத்தில் சாய்வாக ஓடும். வெயிலில் திருப்பிப் பார்த்தால் தெரியும். மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்துக்கு 285க்கு 45 மி.மீ. நீளப் பட்டை, பின்பக்கம் அதே 200க்கு 100.

பின் பிளேட்டைப் பிடித்திருப்பது ஒருமுறை மட்டும் பூட்டும் ஸ்னாப் லாக். கழற்றினால் உடையும், மறுபடி போட முடியாது. மட்கார்டுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுக்கும்போது இதை மறந்துவிட்டு, பிறகு இரண்டு திருகாணியைப் போட்டு முடுக்கிக்கொண்டு வருகிறார்கள். பெயின்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சுற்றிலும் தாள் ஒட்டிவிட்டு அடிக்கட்டும்.

என் வண்டி 2014. எனக்கும் அந்த அலுமினியப் பிளேட் வேண்டுமா? ஒரு கடையில் சக்கரம் போட்டே செய்து தருகிறார்களே?

பழைய வண்டிகளுக்கு எப்போது, யார் மூலம் என்பதை அந்தந்த மாநில அரசு தனி ஆணை போட்டுத்தான் சொல்லும். டெல்லி, கர்நாடகா, மகாராஷ்டிரா அரசுகள் அப்படிப் போட்டிருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வரும் 'கடைசித் தேதி' செய்தியைப் பார்த்துவிட்டு ஏதோ ஓர் இணையதளத்தில் பணம் கட்டாதீர்கள். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

தெருக்கடையில் சக்கரம் அச்சிட்டுத் தருவது வெறும் படம். ஹாலோகிராம் கிடையாது, லேசர் எண் கிடையாது, அரசுக் கணினியில் பதிவும் கிடையாது. அதை மாட்டிக்கொள்வதைவிட வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக, மேலே சொன்ன அளவில் ஒழுங்காக எழுதிய பழைய பிளேட் மேல்.

பின் மட்கார்டை வெட்டிவிட்டு, பிளேட்டைச் சீட்டுக்கு அடியில் சாய்வாக வைத்தால் பிளேட் இருக்கத்தானே செய்கிறது?

இருக்கிறது. வானத்தைப் பார்த்தோ டயரைப் பார்த்தோ இருக்கிறது. பின்னால் வருகிறவர் படிக்க முடியாவிட்டால் முதல் கேள்விக்குச் சொன்ன இரண்டு சொற்களில் இரண்டுமே போய்விட்டன. பிளேட்டை மடித்துவிடுவதும், நிறமேற்றிய பிளாஸ்டிக் மூடி போடுவதும், விரலால் தட்டினால் புரளும் கீல் வைப்பதும் இதே கணக்குதான். கீல் வைப்பவரை நான் இன்னும் கொஞ்சம் மோசமாக நினைப்பேன். மற்றவர் அழகுக்குச் செய்கிறார், இவர் எதற்குச் செய்கிறார் என்பது தெரிந்ததுதான்.

இன்னொன்று. மட்கார்டு போனால் சேற்றுத் தடுப்பும் போகிறது. ஐப்பசியில் திருவையாற்றுப் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். முதுகுச் சட்டை கதை சொல்லும்.

நடவுக் காலத்தில் பிளேட் முழுக்கச் சேறு. அதற்கெல்லாமா அபராதம் போடுவார்கள்?

போட அதிகாரம் உண்டு. வேண்டுமென்றே மறைத்தாரா, மழை மறைத்ததா என்று விதி பிரித்துப் பார்ப்பதில்லை. நடைமுறையில், களிமண் அப்பிய வண்டியைக் கண்டால் 'துடைத்துவிட்டுப் போங்கள்' என்று சொல்லி அனுப்பும் காவலர்களையே நம் பக்கம் அதிகம் பார்த்திருக்கிறேன். அதை உரிமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சீட்டுக்கு அடியில் ஒரு பழந்துணி இருக்கட்டும். வயலை விட்டுத் தார்ச் சாலையில் ஏறும் இடத்தில் வாய்க்கால் தண்ணீர் இருக்கும். நனைத்துத் துடைக்க அரை நிமிடம். காயவிட்டால் டெல்டாக் களிமண் சிமெண்ட் மாதிரி. சுரண்டினால் என் ஸ்டிக்கரும் கூடவே வந்துவிடும்.

நாற்றுக்கட்டு, வைக்கோல், பால் கேன் வைப்பவர்கள் கதை வேறு. பால்காரர் ஒருவர் பின்பக்கம் இரண்டு பக்கமும் கேன் தொங்கவிட்டு, நடுவிலும் ஒன்றைக் கட்டியிருந்தார். எண் அவருக்கே மறந்திருந்தது. நடுக் கேன் தொங்கும் கொக்கியை நான்கு விரற்கடை மேலே ஏற்றி வெல்டிங் செய்யச் சொன்னேன். பிளேட் வெளியே வந்தது. தினமும் சுமை ஏற்றுபவர்கள் இப்படி ஒருமுறை செய்துவிட்டால் தீர்ந்தது.

ஆயுத பூஜைக்குப் பிளேட்டில் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். சாமி காரியத்துக்கும் சட்டமா?

ஹெட்லைட்டில் வையுங்கள், டேங்கில் வையுங்கள். பிளேட்டில் பட்டை போடுகிறவர்கள் சரியாக எண்ணின் மேல்தான் போடுகிறார்கள். போன ஆண்டு ஒருவர் வந்தார். மூன்று விரல் திருநீற்றுப் பட்டைக்கு நடுவில் குங்குமப் பொட்டு. 8இன் மேல் வயிறு மறைந்து 6 ஆகத் தெரிந்தது. பூஜை முடிந்து பத்து நாள் ஆகியும் அழிக்கவில்லை, அழித்தால் ஆகாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். முன்னால் கட்டும் வாழைக்கன்றும் மாவிலையும் அன்று மாலையே வாடிவிடும், அவற்றால் தொல்லை இல்லை.

தமிழ்நாட்டில் தமிழில் எண் எழுதக் கூடாதா?

என் கையால் எத்தனையோ தமிழ்ப் பெயர்ப் பலகைகள் எழுதியவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கும் உறுத்தும். விதி தெளிவாக இருக்கிறது: எழுத்து ஆங்கிலத்தில், எண்கள் 1, 2, 3 என்று நாம் எழுதும் வழக்கமான வடிவில். 'தநா' என்றோ ௪௯ என்றோ எழுதிய பிளேட் பதிவெண் காட்டியதாகக் கணக்கில் வராது. மற்ற இடமெல்லாம் உங்களுடையது. பக்கத் தகட்டில் எவ்வளவு தமிழ் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன், நல்ல எழுத்தாக.

என் எண் 8055. கொஞ்சம் வளைத்தால் 'பாஸ்' என்று ஆங்கிலத்தில் வரும். செய்து கொடுங்கள் அண்ணன்.

வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். அலங்கார எழுத்து, படம், வேறு பெயர் எதற்கும் பிளேட்டில் இடமில்லை. தடிமனும் இடைவெளியும் மாறினால் இரண்டாம் கேள்வியின் அளவும் தவறிவிடும். தவிர, பணம் கட்டி ஆசைப்பட்டு வாங்கிய எண்ணை யாருக்கும் புரியாமல் எழுதுவானேன் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

பிரஸ், போலீஸ், வழக்கறிஞர், கட்சிக் கொடி ஸ்டிக்கர்?

பிளேட்டின் மேல் எதுவும் கூடாது. அதில் பேச்சே இல்லை. வண்டியின் மற்ற இடங்களில் தொழில் பெயரும் துறைப் பெயரும் ஒட்டுவதையும் காவல்துறை கண்காணிக்கிறது. சென்னையில் 2024 மே 2 முதல் இதற்காகத் தனியாக நடவடிக்கை எடுத்தார்கள். போலீஸ் மகன், மருமகன், மாமா எல்லாரும் போலீஸ் ஸ்டிக்கர் கேட்டு வந்த காலம் உண்டு. இப்போது அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டேன்.

பகலில் நன்றாகத் தெரிகிறது. இரவுக்கும் ஏதாவது விதி இருக்கிறதா?

இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 105ஆம் விதிப்படி, பின்பக்கப் பதிவெண் முழுவதிலும் வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும். 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும். வண்டியோடு வரும் பின்விளக்கின் அடியில் ஒரு சிறிய கண்ணாடித் திறப்பு இருக்கும், அது இதற்காகத்தான். பின்விளக்கை மாற்றி, முழுவதும் சிவப்பான எல்.இ.டி. பட்டை போடுபவர்கள் இந்த வெள்ளை வெளிச்சத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். பிளேட்டைச் சுற்றி நீலம், பச்சை மினுக்கு விளக்கு போட்டால் அதுவும் தவறு, படிக்கவும் முடியாது.

சோதிப்பது எளிது. இரவில் தெருவில் வண்டியை ஸ்டாண்ட் போட்டு, விளக்கை எரியவிட்டு, இருபது தப்படி பின்னால் நடந்து திரும்பிப் பாருங்கள். உங்கள் எண் தெரியாத ஒருவரைக் கூட்டிப் போய்ப் படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. நமக்கு மனப்பாடம் என்பதால் தெரியாததும் தெரியும்.

பிடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? வண்டியைப் பறிமுதல் செய்வார்களா?

பிளேட் குறைபாடு என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவு: முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய். சரியான பிளேட் செய்வதற்கு ஆகும் செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

எழுத்து சிறியது என்பதற்காக வண்டியைப் பிடித்து வைப்பது வழக்கமில்லை. எண்ணே இல்லாமல் ஓட்டினால் நிலைமை மாறும். பதிவாகாத வண்டியோ என்ற கேள்வி எழும். பதிவில்லாமல் ஓட்டியதாக ஆனால் 192ஆம் பிரிவில் முதல் முறையே 2,000 முதல் 5,000 ரூபாய் வரை, வண்டியைத் தடுத்து வைக்கவும் அதிகாரம் உண்டு. 'பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்' என்று ஸ்டிக்கர் ஒட்டி மாதக்கணக்கில் சுற்றுபவர்களுக்கும் இது பொருந்தும். தற்காலிகப் பதிவோ நிரந்தரப் பதிவோ இல்லாமல் ஷோரூம் வண்டியை ஒப்படைக்கவே கூடாது. இன்னொருவர் எண்ணை மாட்டியிருந்தால் அது அபராதத்தோடு முடியாது, குற்ற வழக்கு.

காரைக்காலில் வாங்கிய வண்டி, பிஒய் 02. நாகப்பட்டினத்தில் ஓட்டினால் தவறா?

ஓட்டுவது தவறில்லை. வாஞ்சூர் எல்லையைத் தாண்டி வேலைக்கும் கடைக்கும் தினமும் போய்வருபவர்கள் ஏராளம். ஆனால் புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி. வண்டியைத் தமிழ்நாட்டிலேயே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், 47ஆம் பிரிவுப்படி இங்கே புதிய எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி வர வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும். வரி மிச்சம் என்று காரைக்கால் முகவரியில் வாங்கியவர்களுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

மயிலாடுதுறை தனி மாவட்டமாகிவிட்டது. என் டிஎன் 51ஐ டிஎன் 82 ஆக மாற்ற வேண்டுமா?

வேண்டாம். 2020 டிசம்பர் 28இல் மாவட்டம் பிரிந்தது. உங்கள் வண்டியின் எண் பதிவான நாளில் என்னவோ அதுவேதான். தமிழ்நாட்டுக்குள் வீடு மாறினாலும் எண் மாறாது. முகவரி மாற்றத்தை மட்டும் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்திக்கொள்ளுங்கள்.

மின்சார ஸ்கூட்டருக்குப் பச்சை பிளேட்டா? சிலவற்றில் பிளேட்டே இல்லையே?

பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, சொந்த உபயோக மின் வண்டிக்கு. வாடகை, வணிகம் என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து. மோட்டார் சக்தி 250 வாட்டுக்குக் கீழேயும் அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழேயும் இருந்து, அதற்கான ஒப்புதல் சான்றும் பெற்ற சிறிய ஸ்கூட்டர்கள் மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது, பிளேட் வேண்டாம். அதை வாங்கி, மெக்கானிக்கிடம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக்கொண்டால் விலக்கும் போய்விடும்.

பிளேட் எங்கோ விழுந்துவிட்டது. உடனே உங்களிடம் ஒன்று அடித்துக்கொள்ளலாமா?

பழைய வண்டி என்றால் ஆர்.சி.யைக் காட்டினால் அடித்துத் தருவேன். ஆர்.சி. இல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் தர மாட்டேன். எத்தனை நாள் பழக்கமாக இருந்தாலும் சரி.

2019க்குப் பிந்தைய வண்டி என்றால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதையும் ஆர்.சி. நகலையும் எடுத்துக்கொண்டு டீலரிடம் போனால் மாற்றுப் பிளேட்டுக்கு ஏற்பாடு செய்வார்கள். விழுந்த பிளேட் வேறொருவர் வண்டியில் ஏறினால், உங்களைக் காப்பாற்றப் போவது அந்த ரசீதுதான்.

நான் சென்னைக்கே போனதில்லை. சென்னையில் ஹெல்மெட் போடவில்லை என்று எனக்கு அபராதம் வந்திருக்கிறது.

முதலில் மத்திய அரசின் இ-சலான் தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் படத்தைப் பாருங்கள். பாதி சமயம் படத்தில் இருப்பது வேறு எண்ணாக இருக்கும். யாரோ ஒருவரின் 3இல் ஸ்டிக்கர் பிய்ந்தோ, 8இல் சேறு அப்பியோ கேமரா தவறாகப் படித்திருக்கும். அந்தத் தளத்திலேயே புகார் பதியும் வசதி இருக்கிறது. உங்கள் வண்டியின் படத்தோடு போடுங்கள். படத்தில் இருப்பது உங்கள் எண்ணேதான், ஆனால் வண்டி வேறு என்றால் அது போலி. எழுத்துமூலமாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

இவ்வளவு மில்லிமீட்டர் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் மன்னார்குடி சாலையில், மதகு ஒன்றின் பக்கத்தில், சைக்கிளில் வந்த எங்கள் ஊர்ப் பெரியவரை ஒரு பைக் தட்டிவிட்டுப் போனது. டீக்கடையில் இருந்த மூவர் பார்த்தார்கள். பிளேட் சீட்டுக்கு அடியில் சாய்ந்திருந்தது. ஒருவருக்கு 49 மட்டும் தெரிந்தது, இன்னொருவருக்கு ஒரு 7. தஞ்சாவூரில் பதிவான வண்டிகளில் 7 இருப்பவை எத்தனை என்று யார் எண்ணுவது?

எண் தெரிந்திருந்தால் அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு, மருத்துவச் செலவு, போன வருமானம் எல்லாவற்றையும் கேட்டிருக்கலாம். தெரியாததால் அடையாளம் தெரியாத வண்டி மோதிய வழக்காகிவிட்டது. அதற்கான 2022ஆம் ஆண்டுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய், அவ்வளவுதான். பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இப்போதும் கைத்தடியோடு கடைப் பக்கம் வருவார். புதிதாக ஒட்டிய பிளேட் எதையாவது தள்ளி நின்று வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார்; படிக்க முடிந்தால்தான் நான் வண்டியை அனுப்புகிறேன்.